கடவுச்சீட்டு இல்லாதவர்களின் உலகப்படம்

அம்மாவிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. முதுகு கழன்று, செலோரேப் ஒட்டி, 2016ஆம் ஆண்டு வெள்ளத்தில் நனைந்து காய்ந்ததால் தாள்கள் அலையலையாய் நெளிந்து நிற்கின்றன. உள்ளே வீட்டுக் கணக்கு எதுவும் இல்லை. ஊர்ப் பெயர்கள் மட்டும். மாரா, தன்சானியா. வனுவாட்டு. சிம்பாப்வே. சுரினாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு திகதி. சிலவற்றின் கீழே பென்சிலால் ஒரு வரி: "புயல்." "தண்ணீர் இல்லை." "276 பிள்ளைகள்."

அம்மாவுக்குக் கடவுச்சீட்டு கிடையாது. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அவர் போனதெல்லாம் மற்றவர்களை வழியனுப்பத்தான். ஆனால் சுரினாம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். "தென் அமெரிக்காவில, பிரேசிலுக்கு மேல" என்று தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே சொல்வார். கொழும்பை ஒட்டிய கொலன்னாவையில் ஒரு சமையலறைக்குள் இந்தப் பூகோளம் எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வந்த வழி ஒரு பெண்கள் கூட்டம். தமிழில் தாய்மார் சங்கம் என்று சொல்லலாம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அங்கிலிக்கன் பெண்களின் வாயில் வருவது "மதர்ஸ் யூனியன்"தான். மாதத்தில் ஒரு நாள், பின்னேரம், கோயில் மண்டபத்திலோ யாராவது ஒருவரின் வீட்டு முன்னறையிலோ கூடுவார்கள். ஒரு பாட்டு, ஒரு வேதப்பகுதி, பிறகு ஜெபம். கடைசியில் பிளேன்டீயும் பட்டிஸும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது வயதான பெண்கள் பொழுது போக்கும் இடமாகத் தெரியும். எனக்கும் நெடுங்காலம் அப்படித்தான் தெரிந்தது. அந்த ஜெபத்தின் நடுவில் ஒரு பட்டியல் வாசிக்கப்படுவதை நான் கவனிக்கவே இல்லை.

அலை

அந்தப் பட்டியலுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரைத் தமிழில் "ஜெப அலை" என்று சொல்லலாம். உலகெங்கும் உள்ள அங்கிலிக்கன் மறைமாவட்டங்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிணைத்து வைத்திருக்கிறார்கள். பிரித்தானியாவில் ஒன்று, ஆபிரிக்காவில் இரண்டு மூன்று, ஆசியாவில் ஒன்று என்று ஒரு குழுவில் சில மறைமாவட்டங்கள் இருக்கும். ஆண்டில் குறித்த சில நாட்கள் ஒரு குழுவுக்கு உரியவை. அந்த நாட்களில் மற்ற எல்லா நாடுகளிலும் உள்ள உறுப்பினர்கள் அந்தக் குழுவின் ஊர்களைப் பெயர் சொல்லி நினைப்பார்கள். இப்படி ஆண்டு முழுக்க, ஒரு நாளும் விடுபடாமல் போகும். நேரம் நண்பகல். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அருகே, சங்கத்தின் மேரி சம்னர் இல்லத்தில் வேலைநாட்களில் நண்பகலுக்கு ஜெபம் நடந்து வந்திருக்கிறது. கொழும்பில் நண்பகல் ஆகும்போது, குளிர்காலமானால், அங்கே காலை ஆறரை. நாம் சோற்றுப் பானையை இறக்கி வைக்கும் நேரத்தில் அங்கே கேத்தில் கொதிக்கத் தொடங்கும். சூரியன் நகர நகர நண்பகலும் நகர்கிறது. கூடவே ஜெபமும் நகர்கிறது. அலை என்ற சொல் அதனால்தான்.

இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர் பெரிய அதிகாரம் உடையவர் அல்லர். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஓல்ட் ஆல்ரெஸ்போர்ட் என்ற சிற்றூரில் குருவானவர் ஒருவரின் மனைவி மேரி சம்னர். 1876இல் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, தனக்கு முதற்பிள்ளை பிறந்த நாளில் எவ்வளவு கலங்கிப்போனோம் என்பது அவருக்கு நினைவு வந்தது. தாயாவதற்குத் துணை வேண்டும், அந்தத் துணையைத் தாய்மாரே ஒருவருக்கொருவர் கொடுக்கலாம் என்று ஊர்ப்பெண்களைக் கூப்பிட்டார். பெரிய வீட்டுச் சீமாட்டிகளும் வயலில் வேலை செய்யும் பெண்களும் ஒரே அறையில் வந்து இருந்தார்கள். அவர்களைக் கண்டதும் மேரிக்கு நா எழவில்லை. அடுத்த கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நல்லவேளை, அடுத்த கிழமையும் வந்தார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1885இல், போர்ட்ஸ்மவுத் நகரில் நடந்த திருச்சபை மாநாட்டில் கூடியிருந்த பெண்கள் கேட்க அவர் பேசினார். சங்கம் அதன்பிறகு பரவியது. படைவீரர்களின் மனைவிமாரும் மிஷனரிப் பெண்களும் அதைக் கப்பலேற்றி எடுத்துப்போனார்கள். இன்றைக்கு எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய நாற்பது இலட்சம் உறுப்பினர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இப்போது ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் இருக்கிறார்கள்.

இந்தக் கடைசி வரியை வாசகர் ஒருமுறை திரும்ப வாசிக்க வேண்டும். இங்கிலாந்துப் பெண்களிடம் தொடங்கிய ஏற்பாடு, எண்ணிக்கையில் தலைகீழாகிவிட்டது. இன்று ஓர் ஆங்கிலேயக் கிராமத்துக் கோயிலில் பத்துப் பாட்டிமார் மண்டியிட்டிருக்கிறார்கள் என்றால், அவர்களுக்காகத் தன்சானியாவில் ஆயிரம் பெண்கள் மண்டியிடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து தொண்டிக்கு

கடலுக்கு அப்பால் இருப்பவருக்காக ஜெபித்து, கையில் இருப்பதையும் அனுப்புவது நமக்கு வெள்ளைக்காரர் கற்பித்த பழக்கம் என்று நினைத்தால் பாதிதான் சரி. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் பிடியரிசி என்று ஒன்று இருந்தது. உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வேறு பானையில் போட்டுவிட வேண்டும். கிழமை முடிவில் அது கோயிலுக்குப் போகும். யாழ்ப்பாணத்திலும் திருநெல்வேலியிலும் இப்படிச் சேர்ந்த அரிசியை விற்று ஊழியர்களின் சம்பளத்துக்கும் கொடுத்தார்கள். பிடியரிசிப் பழக்கம் சைவ வீடுகளுக்கும் நன்றாகத் தெரிந்ததே. மடங்களுக்கும் அன்னதானத்துக்கும் இப்படி எடுத்து வைப்பார்கள். அந்தக் கைப்பிடிக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மிஞ்சியதைக் கொடுப்பதில்லை. சமைப்பதற்கு முன்பே, வீட்டார் சாப்பிடுவதற்கு முன்பே எடுத்துவைக்கிறோம். எடுத்து வைப்பவள் பெண்.

1902இல் திருநெல்வேலிக்காரரான வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணத்துக்கு வந்தார். அப்போது அவர் இளைஞர், வை.எம்.சி.ஏ. வேலையாக வந்தவர். இங்கே கண்டது அவரை உலுக்கிவிட்டது. யாழ்ப்பாணத்து மாணவர்கள் தங்கள் காசில், கடல் கடந்து, இராமநாதபுரக் கரையில் உள்ள தொண்டிக்கு ஊழியர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சின்னஞ்சிறு யாழ்ப்பாணம் செய்கிறது, எங்கள் பெரிய திருநெல்வேலி என்ன செய்கிறது என்ற கேள்வியோடு அவர் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே, 1903இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அது தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குப் போனது. 1912இல் அசரியா அங்கிலிக்கன் திருச்சபையின் முதலாவது இந்திய ஆயரானார். அந்தக் கதையில் யாழ்ப்பாணத்துக்கு ஓர் இடம் உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாம் எப்போதும் வாங்குகிறவர்களாகவே இருந்தோம் என்று நம்பப் பழகிவிட்டோம்.

திருநெல்வேலி இன்னொரு வழியிலும் இங்கே வந்தது. மலையகத் தோட்டங்களில் 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்கு உபதேசிமார் அங்கிருந்துதான் வந்தார்கள். கொழும்பில் அதற்கும் முந்தியது ஜிந்துப்பிட்டி புனித தோமா ஆலயம். பிரௌன்றிக் ஆளுநராக இருந்த காலத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கென்று எழுந்தது. ஆகவே கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தமிழ் அங்கிலிக்கன் குடும்பம் ஒன்றின் வேரைப் பிடித்து இழுத்தால் யாழ்ப்பாணம் வரும், மலையகம் வரும், பாளையங்கோட்டையும் வரும்.

வெளிநாடு என்றால்

கொலன்னாவையைப் பத்திரிகை வாசகர்கள் கெட்ட செய்திகளால் அறிவார்கள். 1995 அக்டோபர் 20 அன்று எண்ணெய்க் குதங்கள் தாக்கப்பட்டு எரிந்தன. அந்தப் புகை கொழும்பு முழுதும் தெரிந்தது. 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்து வெல்லம்பிட்டி, சேதவத்தை, கொலன்னாவை எல்லாம் நீருக்குள் போயின. 2025 நவம்பரில் டித்வா புயல். நாட்டில் 600க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன அந்தப் புயலில் களனி மறுபடியும் எங்கள் தெருவுக்கு வந்தது.

இப்படிப்பட்ட ஊரில் வெளிநாடு என்ற சொல்லுக்குப் பொருள் வேறு. வெள்ளவத்தையில் வெளிநாடு என்றால் லண்டன், ரொறன்ரோ. 1983க்குப் பிறகு போன மகன், அங்கே பிறந்த பேரப்பிள்ளைகள், மாதாமாதம் வரும் காசு. கொலன்னாவையில் வெளிநாடு என்றால் குவைத், ரியாத், டுபாய். அங்கே போவது பெரும்பாலும் தாய்தான். 2022இல், பெற்றோலுக்கும் காஸுக்கும் பால்மாவுக்கும் நாடு வரிசையில் நின்ற ஆண்டில், மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்கென்று வெளியேறினார்கள். பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு இன்னொருத்தியின் பிள்ளையைக் குளிப்பாட்டப் போன பெண்கள் அதில் எத்தனையோ பேர்.

அதனால் எங்கள் கூட்டத்தில் பட்டியல் வாசித்து முடிந்ததும் ஒரு சிறு அமைதி வரும். பிறகு யாராவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கட மகளையும் நினையுங்கோ. ரெண்டு கிழமையா கோல் எடுக்கயில்லை" என்பார். அச்சிட்ட பட்டியலில் அந்த மகளுக்கு இடம் இல்லை. ஆனால் மாராவுக்கும் வனுவாட்டுக்கும் பெயர் சொல்லிப் பழகிய வாய்கள், அந்தப் பிள்ளையின் பெயரையும் வேலை செய்யும் நகரத்தின் பெயரையும் கேட்டு, சரியாக உச்சரித்து, அதே முறையில் சொல்லும். பட்டியலின் பயனை நான் முதன்முதலாக உணர்ந்தது அப்படி ஒரு பின்னேரத்தில்தான். தெரியாத ஊருக்காகப் பொறுமையாகப் பழகினால்தான் தெரிந்தவரின் துன்பத்தைக் கேட்கக் காது திறக்கும் போலிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஜெபிக்க வேண்டும் என்றால் தெரிந்துகொள்ள வேண்டும். மார்ச் மாத முதல் வெள்ளிக்கிழமை நடக்கும் உலக ஜெப தினத்தில் இது இன்னும் தெளிவு. அங்கிலிக்கன், மெதடிஸ்ட், கத்தோலிக்கம் என்ற பிரிவு பாராமல் 170க்கு மேற்பட்ட நாடுகளில் பெண்கள் கூடுகிற நாள் அது. அமெரிக்காவில் 1887இல் மேரி ஜேம்ஸ் என்ற பெண் விடுத்த அழைப்பில் முளைத்து, 1927இல் உலகத்துக்கு விரிந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் ஆராதனையை எழுதுவார்கள். மற்ற நாடுகள் எல்லாம் அந்தச் சொற்களைத் தங்கள் மொழியில் சொல்லும். 2021இல் வனுவாட்டு. 2015இல் பாம் சூறாவளி அந்தத் தீவுகளைக் கிழித்துப்போட்டதை அம்மாவின் கொப்பி சொல்கிறது. 2024இல் பாலஸ்தீனம். அந்தப் பெண்கள் எழுதிக் கொடுத்தது காஸாப் போர் மூளுவதற்கு முன்பு; வாசிக்க வேண்டிய நாள் வந்தபோது குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஜெர்மனியில் அந்தப் பிரசுரத்தைத் திருத்தி வெளியிட்டார்கள். ஒரு நாட்டுப் பெண் தன் வாயால் சொன்னதை இன்னொரு நாடு திருத்துவது எனக்கு ஏற்கவில்லை. 2009 மே மாதத்தை அறிந்த எந்தத் தமிழச்சிக்கும் அது ஏற்காது என்று நினைக்கிறேன். அந்த மாதம் எங்கோ ஓர் ஊரில், முள்ளிவாய்க்கால் என்ற பெயரைத் தடுமாறித் தடுமாறி யாராவது ஒரு பெண் உச்சரித்திருப்பாளா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. உச்சரித்திருந்தால், அவள் சொல்லை யாரும் திருத்தியிருக்கக் கூடாது.

பக்கத்து மலை

இனி எழுதுவது வலிக்கும்.

2017 ஏப்ரல் 14. சித்திரைப் புத்தாண்டு. அந்த ஆண்டு பெரிய வெள்ளியும் அன்றுதான் வந்தது. வெள்ளை உடுத்துக் கோயிலுக்குப் போய் சிலுவைத் தியானத்தில் இருந்துவிட்டு வந்த பிற்பகல். எங்கள் ஊரை ஒட்டிய மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். புத்தாண்டுக்குப் பாற்சோறு பொங்கிய வீடுகள் அவை.

அந்த மேடு ஒரே நாளில் வளர்ந்ததா? கொழும்பின் குப்பை அங்கே ஆண்டுக்கணக்காகக் கொட்டப்பட்டது. காற்றடிக்கும் நாட்களில் நாற்றம் எங்கள் வீட்டுக்குள்ளும் வரும், யன்னலைச் சாத்துவோம். அங்கிருந்த மக்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். தொலைக்காட்சியில் பார்த்தோம். அம்மாவின் கொப்பியை நான் பிறகு புரட்டிப் பார்த்தேன். 2017 ஏப்ரல் 14க்கு முன் மீதொட்டமுல்லை என்ற பெயர் அதில் ஒரு முறைகூட இல்லை. சுரினாம் இருக்கிறது. நடந்து போகும் தூரத்தில் இருந்த ஊர் இல்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் எதிர்வாதம் செய்யவில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பக்கத்தில இருக்கிறது கண்ணில படுறதால, ஜெபத்தில படயில்லை" என்றார்.

தூரத்து மக்களுக்காக மன்றாடுவதில் உள்ள ஆபத்து இதுதான். தூரத்து ஊர் நம்மிடம் எதுவும் கேட்காது. அதற்கு ஒரு பிடி அரிசியும் ஒரு மணித்தியாலமும் போதும். பக்கத்து ஊருக்காக மெய்யாகவே ஜெபித்தால், எழுந்து நகரசபைக்குப் போகவேண்டி வரும், கையெழுத்து வைக்கவேண்டி வரும், நமது வீட்டுக் குப்பை எங்கே போகிறது என்று கேட்கவேண்டி வரும். உலக ஜெப தினத்தின் வாசகம், அறிந்து ஜெபியுங்கள், ஜெபித்தபடி செய்யுங்கள் என்ற பொருள்படும். அதன் பிற்பாதியை நாங்கள் வனுவாட்டுக்கு உண்டியல் வைப்பதோடு நிறுத்திக்கொண்டோம். சங்கத்தின் உலக வரலாற்றிலும் இத்தகைய குருடு உண்டு. குடும்பத்தைக் காக்கிறோம் என்று சொல்லி, மணமுறிவு பெற்ற பெண்களை மதர்ஸ் யூனியன் 1970கள் வரை உறுப்பினராக ஏற்கவே இல்லை. யாருக்குத் துணை அதிகம் வேண்டுமோ அவள் வாசலுக்கு வெளியே நின்றாள். சட்டத்தை மாற்ற அவர்களுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டு பிடித்தது.

ஆனாலும் அந்தக் கொப்பியை நான் தூக்கி எறியத் தயாராக இல்லை. அதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. இலங்கையின் இரண்டு அங்கிலிக்கன் மறைமாவட்டங்களான கொழும்புக்கும் குருநாகலுக்கும், வட இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் உள்ள லீட்ஸ் மறைமாவட்டத்துக்கும் நெடுநாளைய உறவு. 2015 டிசம்பர் 26 அன்று அந்த மறைமாவட்டத்தின் கால்டர் பள்ளத்தாக்கு பெருவெள்ளத்தில் மூழ்கியது. டிசம்பர் 26 என்றால் நமக்குச் சுனாமி. அந்தத் திகதியைக் கேட்டதும் அம்மா குறித்துக்கொண்டிருக்க வேண்டும். 2016 ஜனவரிப் பக்கத்தில் "யோர்க்ஷயர் – வெள்ளம் – வயதானவர்கள்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு நான்கு மாதம் கழித்துத்தான் களனி எங்கள் வீட்டுக்குள் வந்து, அந்தப் பக்கத்தையும் சேர்த்து நனைத்தது. பென்சில் எழுத்து என்பதால் அழியவில்லை.

வெள்ளத்துக்காக முதலில் மண்டியிட்டது கொலன்னாவை. யோர்க்ஷயரின் முறை பிறகுதான் வந்தது.

மார்ச்

2026 மார்ச் மாதத்தில் இரண்டு நாட்களை அம்மா வட்டமிட்டு வைத்திருந்தார். ஒன்று 25, கன்னி மரியாளுக்குத் தூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாள். மதர்ஸ் யூனியனுக்கும் அதுவே ஆண்டுத் திருநாள். அதே நாளில் கன்ரபரிப் பேராலயத்தில் சாரா முல்லாலியைப் பேராயராக அமர்த்தும் ஆராதனைக்கு ஏற்பாடாகியிருந்தது. அந்த ஆசனத்துக்கு வரும் முதற்பெண் அவர். முன்பு தாதியாக இருந்தவர். இலங்கைத் திருச்சபை தனி மாகாணமாக இல்லாமல் கன்ரபரிப் பேராயரின் நேரடிப் பொறுப்பில் இருப்பதால், ஜிந்துப்பிட்டிக்கும் அவரே பேராயர். அம்மாவுக்கு இதில் அடக்க முடியாத மகிழ்ச்சி. "நேர்ஸ் பிள்ளை" என்றுதான் அவரைச் சொல்கிறார்.

மற்றது 6ஆம் திகதி, வெள்ளி. உலக ஜெப தினம். அம்முறை எழுதியவர்கள் நைஜீரியப் பெண்கள். பாரம் சுமந்து இளைத்தவர்களை இயேசு தம்மிடம் அழைத்து ஆறுதல் தருகிற மத்தேயு 11ஆம் அதிகாரத்தை எடுத்திருந்தார்கள். அம்மா கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டி, 2014 ஏப்ரலில் நிறுத்தினார். "276 பிள்ளைகள்." சிபொக் என்ற ஊரின் பள்ளி விடுதியிலிருந்து போகோ ஹராம் ஆயுததாரிகள் கடத்திப்போன மாணவிகள். தப்பி வந்தவர்கள் உண்டு, மீட்கப்பட்டவர்கள் உண்டு, இன்றுவரை வராதவர்களும் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த வரியை அம்மா அழிக்கவில்லை.

அதற்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் பென்சிலை வைத்து, என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, மீதொட்டமுல்லையில அந்த வீடு போன ஆக்களுக்கு வேற வீடு கிடைச்சதோ எண்டு உனக்குத் தெரியுமா? வெள்ளிக்கிழமைக்கு முதல் ஒருக்கால் போய்க் கேட்டுக்கொண்டு வாவன்."